மூட்டைக்காரரின் நடை

கடலின் உப்பு வாடை தடையின்றி நுழைந்தாலும் கடல் மட்டும் கண்ணில் படாத தெரு ஒன்று தூத்துக்குடியில் உண்டு. பழைய ஐஸ் பேக்டரித் தெரு என்பது அதன் பெயர். நாற்பத்து மூன்று வீடுகளும், மாதா சிலை வைத்த சிறு குகைபோன்ற ஒரு கெபியும், ஒரு தண்ணீர்க் குழாயும், ஒரு ஜெராக்ஸ் கடையும் கொண்ட அந்தத் தெருவில், பங்குனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றின் காலை ஏழு மணி முதல், ஜெராக்ஸ் கடைக்காரி சலேத்தைவிட வேகமாக நடப்பது எவராலும் இயலாமல் போயிற்று.

சலேத்தின் இடது கால் மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் சூம்பியது. இரும்புப் பட்டை பூட்டிய பூட்ஸை அவள் தூக்கி, முன்னே வீசி, ஊன்றி, உடம்பைப் பின்னாலேயே இழுத்துக்கொள்வதற்குள் மற்றவர் மூன்று எட்டு வைத்துவிடுவார்கள். அன்று காலை துறைமுகத்து ஷிப்டுக்கு விரைந்தவர்களும், உப்பளத்துக்குக் கிளம்பிய பெண்களும், மணியடித்த பிறகே புத்தகப் பையைத் தேடுகிற பிள்ளைகளும் அவளுடைய ஓர் எட்டுக்குத் தங்கள் ஓர் எட்டு என்றே நகர்ந்தார்கள். கால் வலிக்கவில்லை, இடறவில்லை, எதிர்க்காற்றும் இல்லை. நிலம் மட்டும் அவர்களுக்காக அவசரப்பட மறுத்தது. சக்கரத்தின் மேல் ஏறியவரை அது கட்டவில்லை. சைக்கிளில் போனவன் போனான், பஸ்ஸில் இருந்தவர் பஸ்ஸோடு பறந்தார். ஆனால் இறங்கித் தரையில் கால் வைத்ததும், எந்த ஊரின் எந்த மூலையிலிருந்தாலும், எங்கள் தெருவார் சலேத்தின் நடையையே நடந்தார்கள். சலேத் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் படுத்து உறங்கினாலும் வேறுபாடில்லை. அவள் கால்களுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவே எல்லோருக்கும்.

தெரு இதற்காகத் திகைக்கவில்லை. குழாயடியிலிருந்து நிறைகுடத்தோடு நாலடி வைத்த ஸ்தெல்லா நின்று, தன் பாதத்தைக் குனிந்து பார்த்து, "இது மூட்டைக்காரர் நடைல்லா?" என்றாள். பக்கத்தில் நின்றவர்களும் இரண்டடி நடந்து பார்த்து, ஆமாம், அதே நடைதான் என்று ஒப்புக்கொண்டு, குடத்தை மற்றோர் இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் ஏன் திகைக்கவில்லை என்பது புரிய வேண்டுமானால் நாங்கள் விளையாடிய ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விளையாட்டைப் பற்றிப் பேசுவது பெரியவர்களுக்கு அழகல்ல என்று நினைப்பவர்கள், தங்களுக்குப் பொறுமையைக் கற்றுத்தந்தது எது என்று ஒருமுறை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன், சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்த கிறகோரி, ஜப்பானியத் துறைமுகம் ஒன்றில் கப்பல் மூன்று நாள் நின்றபோது, பழைய சாமான் கடையின் வாசலில் யாரும் சீண்டாமல் கிடந்த பெட்டியிலிருந்து சாம்பல் நிற வீடியோ கேம் கருவி ஒன்றையும் ஒரே ஒரு சிடியையும் எடுத்து வந்து, தன் சித்தப்பா மகளான சலேத்திடம் கொடுத்தார். சலேத்துக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவள் தன் வீட்டு முன்னறையைக் கடையாக்கி, டிவியை வைத்து, ஆளுக்கு அரைமணி நேரம் என்று பலகை எழுதி மாட்டினாள். சிடியின் உறையில், வற்றிய ஆற்றின் நடுவே நால்வர் நடந்துபோகும் படம் இருந்தது. பெயர் ஜப்பானிய எழுத்தில் இருந்ததால், தெரு அதற்கு 'நாலு பேர்' என்று பெயரிட்டது.

அந்த விளையாட்டில் நால்வர் ஒரு மலையிலிருந்து கடலுக்கு நடந்து போகிறார்கள். ஏன் போகிறார்கள் என்பது எழுதியிருந்தது, எங்களால் வாசிக்க முடியவில்லை. வாள் ஏந்திய நெட்டைப் பெண் ஒருத்தி, புல்லாங்குழல்காரன் ஒருவன், முகமூடி அணிந்த சிறுமி ஒருத்தி, நான்காவதாக முதுகில் பெரிய மருந்து மூட்டை சுமந்த கூனர் ஒருவர். அந்த மூட்டைக்காரர் எவ்வளவு மெதுவாக நடப்பாரோ அவ்வளவு மெதுவாகத்தான் நால்வரும் நடப்பார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினாலும், எத்தனை முறை அழுத்தினாலும், அவர்கள் ஓடமாட்டார்கள். படகுத்துறைகளில் அவரை இறக்கிவிட்டு மூவராகப் போகலாம். அதற்கு விளையாட்டு இடம் தந்திருந்தது. ஆனால் மருந்து அவரிடம் இருந்தது.

மெமரி கார்டு ஒன்றுதான். அதன் இடம் முழுவதையும் அந்த ஒரு பயணமே பிடித்துக்கொண்டது. ஆகவே ஆளுக்கொரு ஆட்டம் என்பது இயலாத காரியமாயிற்று. தெரு முழுவதும் சேர்ந்து ஒரே பயணத்தை அரைமணி அரைமணியாக நடத்த வேண்டியிருந்தது. அடுத்தவருக்குச் செய்தி சொல்ல சலேத் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். "மூணாவது குகையில இடது பக்கம் போகாதிய, செத்துருவிய" என்று உப்பு லாரி ஓட்டும் தொம்மை எழுதியிருந்தார். "இருந்த மருந்தையெல்லாம் ஒரே சண்டையில குடிச்ச புண்ணியவாளன் யாரு? பேரைச் சொல்லு, உன் வீட்டு வாசலுக்கு வாரேன்" என்று ஸ்தெல்லா எழுதியிருந்தாள். எழுத்துகளை உருவத்தால் படித்தோம்: ஏணி போலிருப்பது மருந்து, கூடை போலிருப்பது உறக்கம், மீன்முள் போலிருப்பது தப்பி ஓடு. இப்படி, ஒரு மொழியின் ஓர் எழுத்தையும் ஒலிக்கத் தெரியாத அறுபது பேர், அந்த மொழியில் எழுதப்பட்ட கதையை வரி வரியாகக் கடந்தோம்.

அந்நாளில் துறைமுக வேலைக்கு வந்திருந்த ஜப்பானியப் பொறியாளர் ஒருவரைக் கிறகோரி கடைக்கு அழைத்து வந்தார். அவர் திரையைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். இதை எங்கள் ஊரில் யாரும் வாங்கவில்லை, வாங்கியவரும் பாதியில் வைத்துவிட்டார்கள், நடையைப் பார்த்தால் தூக்கம் வரும் என்றார். பிறகு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் எங்கள் நால்வரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகம் ஒதுக்கிய பொருளில் உலகம் காணாத நன்மை எப்படி ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்களுக்கு வாய்த்ததில்லை. மெதுவாகப் போனதால்தான் பாதையோரத்து மான்கள் மிரளாமல் கிட்டே வந்து மூட்டையை முகர்ந்தன. மெதுவாகப் போனதால்தான் பாறைக்குப் பின்னே உறங்கிய பூதங்கள் விழிக்கவில்லை. மெதுவாகப் போனதால்தான் மழை தூரத்து மலையில் தொடங்கி, பள்ளத்தாக்கைக் கடந்து, எட்டுச் சுரங்கள் மட்டுமே கொண்ட இசையோடு எங்கள் நால்வரின் தலைமேல் வந்து சேர்வதை நாங்கள் முழுதாகப் பார்த்தோம். அழகாக இருந்தது. அதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. பதினான்கு மாதங்களில் பயணம் முடிந்த நாளன்று கடைக்குள் இடமின்றிச் சன்னல் கம்பிகளிலும் ஆட்கள் தொங்க, நால்வரும் கடலைக் கண்டார்கள். எந்த அரக்கனும் சாகவில்லை, எந்த மகுடமும் சூட்டப்படவில்லை. அவர்கள் நின்றார்கள், அவ்வளவுதான். மூட்டைக்காரர் முதன்முறையாக மூட்டையை இறக்கி வைத்தார். தொம்மை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பிறகு கைப்பேசிகள் வந்தன, கடையில் ஜெராக்ஸ் இயந்திரம் வந்தது, கருவி அலமாரிக்குள் போயிற்று. இருபத்தொரு ஆண்டுகள் கழித்து அந்த நடை மட்டும் எப்படித் திரும்பி வந்தது என்பதை ஆராய்வதில் பயனில்லை. வந்ததை வைத்துக்கொண்டு ஒரு தெரு என்ன செய்தது என்பதே கேட்கத் தக்கது.

முதல் வாரம் எல்லோரும் தாமதமானார்கள். இரண்டாம் வாரம் எல்லோரும் முன்னதாக எழுந்தார்கள். கணவன் துரத்த மனைவி ஓடிய வீடுகளில் இருவருக்கும் இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியே தெருவைச் சுற்றி வந்ததில் களைத்து, கெபியின் படியில் அமர்ந்து, எதற்காகத் தொடங்கினோம் என்பதையே மறந்தார்கள். தொட்டுப் பிடித்து விளையாடிய பிள்ளைகள் ஒருவரும் பிடிபடாததால் வேறு விளையாட்டுக்கு மாறினார்கள். உப்பளத்துப் பெண்கள், இத்தனை ஆண்டுகள் கடந்துபோன பாத்திகளில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நிற்பதை நின்று பார்த்தார்கள். ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சற்றிருந்த மரியானும் அவருடைய மைத்துனர் லூர்துசாமியும் காலையில் ஒரே நேரத்தில் வீட்டைவிட்டு இறங்கியதால், ஒருவர் முந்தவோ மற்றவர் பிந்தவோ வழியின்றித் தோளோடு தோளாகத் துறைமுக வாசல்வரை நடக்க வேண்டியதாயிற்று. பத்து நாள் அப்படி ஊமையாக நடந்தவர்களில் மரியான் பதினோராம் நாள் வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல இருக்கு" என்றார்.

"பங்குனியில எங்கவே மழை?" என்றார் லூர்துசாமி.

"வந்தா நனைவீரு."

"நனைஞ்சா உம்ம அக்கா தலை துவட்டிவிடுவா. உமக்கு என்ன?"

அதற்குப் பிறகு அவர்கள் வாயை மூடவே இல்லை.

ஆனால் நன்மை எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை என்பதை மறைப்பது அறமாகாது. தொம்மைக்கு ஒரே மகள், அக்சிலியா, பதினேழு வயது, நானூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்தில் அவளை முந்த ஆளில்லை. மூன்றாம் வாரத்துச் சனிக்கிழமை திருநெல்வேலியில் தேர்வு ஓட்டம். முதல் மூவருக்குச் சென்னையில் விடுதியும் பயிற்சியும் படிப்பும் கிடைக்கும். அவளுக்கு அந்த ஆண்டுதான் வயது வரம்பின் கடைசி ஆண்டு. அந்தக் கால்கள் மைதானத்தின் செம்மண்ணில் நின்று, சலேத்தின் நடையைத் தாண்டி ஓர் அங்குலமும் விரைய மறுத்தன.

சலேத்தைப் போகும்படி ஒருவரும் சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர் இங்கே சற்று நிற்க வேண்டும்: சொல்லாமல் செய்யும் கொடுமைக்கு நல்லவர்களே பெரிதும் பழகியிருக்கிறார்கள். அவளுடைய கடையைத் தாண்டும்போது குரலைச் சற்று உயர்த்தி, "பாவம் அந்தப் புள்ள அக்சிலியா" என்று சொன்னார்கள், அவ்வளவுதான். ஒரு நாளில் ஏழெட்டு முறை அவள் காதில் அது விழுந்தது.

வியாழக்கிழமை தொம்மை, மகளின் போட்டி அனுமதிச் சீட்டை லாமினேட் செய்ய வந்தார். சலேத் அதை இயந்திரத்துக்குள் நுழைத்து, சூடாக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தொம்மை அண்ணே, நம்ம கேம்ல படகுத்துறையில இறக்கிவிட்டா ஆளு கணக்குல இருந்து கழிஞ்சிருவாவல்லா?"

"ஆமா. அதுக்கு என்ன இப்போ?"

"நாகர்கோவில்ல தங்கச்சி எப்பவும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கா. வீட்டைக் காலி பண்ணிட்டு ஒரேயடியா அங்க போயிட்டா, நான் இந்தத் தெருக்காரி இல்லைல்லா?"

தொம்மை கையை நீட்டி, சீட்டின் ஓரத்தை நகத்தால் நீவினார். போகாதே என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி போதும். அந்த நொடியை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

"சூடா இருக்கு. பாத்துப் பிடிங்க" என்றாள் சலேத்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அவள் இரண்டு பைகளோடு ஆட்டோவில் ஏறினாள். ஒருவரும் வாசலுக்கு வரவில்லை. எல்லோரும் சன்னலில் இருந்தார்கள். ஆட்டோ தெருமுனையில் திரும்பி வேகமெடுத்ததும் தெருவின் பாதங்களில் ஒரு கட்டு நெகிழ்ந்தது. அக்சிலியா வாசலைத் தாண்டி ஓடினாள். இரண்டு எட்டில் தெரிந்துவிட்டது. முன்னைவிடச் சற்று வேகம். ஆனால் ஓட்டம் இல்லை. கனத்த உடம்பொன்று ஒரு காலுக்குப் பயந்து மறுகாலில் சாய்ந்து சாய்ந்து நடக்கிற நடை அது. அவள் நின்று திரும்பினாள். சர்க்கரை நோயில் வலது பாதம் புண்ணாகி ஓராண்டாகக் கட்டுப் போட்டிருக்கும் அவளுடைய அப்பா படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

"அப்பா, அப்படியே நடங்க. நிக்காதிய."

"என்னட்டி?"

"நடங்கன்னு சொல்லுதேன்." அவள் அவர் பக்கத்தில் நடந்தாள். எட்டுக்கு எட்டு சரியாக விழுந்தது. "அப்பா, இது உங்க நடைப்பா."

தொம்மை தன் கட்டுப்போட்ட காலை, அது வேறொருவருடையது போலப் பார்த்தார். "அப்போ நான் எங்கட்டி போறது?"

"நீங்க போனா அடுத்து மரியான் மாமா. அவருக்கு மூட்டு வலி. அவரு போனா ஸ்தெல்லா மைனியோட கைப்புள்ள, இப்பதான் நடக்கப் பழகுது. எல்லாரையும் ஆட்டோ வச்சு அனுப்பிட்டு நான் மட்டும் ஓடட்டுமா? ஜெயிச்சிட்டு வந்தா கதவத் திறக்க யாரு இருப்பா?"

அவள் இதைச் சொல்லி முடித்தபோது நடை மறுபடியும் தளர்ந்து, சலேத்தின் பழைய நடையாகவே மாறியது. தொம்மை ஸ்கூட்டரை எடுத்தார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றிருந்த வண்டிகளுக்கு நடுவே ஆட்டோவுக்குள் சலேத் மடியில் பையோடு நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அண்ணே, எதையும் மறந்து வச்சிட்டு வந்துட்டனா?"

"ஆமா. எங்கள."

"வண்டி கிளம்பட்டும். புள்ள ஓடுவா."

"ஓடல. அடுத்த மூட்டைக்காரன் நான்தான்." அவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கட்டுப்போட்ட காலை உயர்த்திக் காட்டினார். "காலையில நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும், சலேத்து. சொல்லல. வெக்கமா இருக்கு."

சலேத் அவர் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண் கலங்கியது. ஆட்டோக்காரர் திரும்பி, "யக்கா, கேட் திறக்கப்போவுது. நாகர்கோவில் பஸ்ஸா, வீடா? ஒன்னு சொல்லு" என்றார்.

"செத்த பொறு தம்பி. அண்ணே, உங்க நடை எம்புட்டு நேரம் இருந்துச்சு?"

"ஒரு அஞ்சு நிமிசம். பொறவு பழையபடி உன் நடை ஆயிட்டு."

"இந்த ஆட்டோ அஞ்சு நிமிசந்தான் ஓடுச்சு. அப்போ இருந்து கேட்டுல நிக்கு." அவள் பையை இறுகப் பிடித்தாள். "நான் தெருவ விட்டு வந்ததால இல்லண்ணே. என்னைச் சுமந்துக்கிட்டுப் போனதால. சக்கரத்து மேல போறப்போ சக்கரத்தோட வேகந்தான் என் வேகம். எல்லாரையும் சுமந்துட்டா?"

ஆட்டோ தெருவுக்கே திரும்பியது. தொம்மையின் வீட்டு வாசலில் உப்பு லாரி நின்றது. அதே தெருவில் வேறு இரண்டு லாரிகளும் நின்றன.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நாற்பத்து மூன்று வீடுகளும் பூட்டப்பட்டன. கைக்குழந்தைகளும், கைத்தடிகளும், இட்லிப் பொட்டலங்களும், மரியானும் அவரோடு பேசிக்கொண்டே லூர்துசாமியும் லாரிகளில் ஏறினார்கள். சலேத் முதல் லாரியின் முன்னிருக்கையில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டின் பெயராகக் கூப்பிட்டாள். ஒவ்வொரு வீடும் குரல் கொடுத்தது. ஒருவரும் விடுபடவில்லை. உப்பளத்து நேர்ச்சாலையில் வண்டிகள் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போனபோது, திருநெல்வேலி மைதானத்திலிருந்து அக்சிலியா கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, இல்லப்பா. இப்பவும் ஓட வரல. யாரோ தரையில நிக்காவ."

"எல்லாரும் வண்டியிலதான் இருக்கோம் மக்கா!"

"இல்ல. ரொம்ப மெதுவா, வயித்தப் பிடிச்சுக்கிட்டு நடக்குத மாதிரி இருக்கு. யாரோ இருக்காவ. பத்தரைக்கு ஓட்டம்."

லாரிகள் நின்றன. சலேத் பெயர்களை மறுபடி கூப்பிட்டாள். ஸ்தெல்லா, "கோழி, நாயெல்லாம் கணக்குல வருமா?" என்று கேட்டு எல்லோரிடமும் திட்டு வாங்கினாள். சலேத் கண்ணை மூடி யோசித்தாள். எட்டு மாதங்களுக்கு முன் உப்பளத் தொழிலாளி ஒருவன் ஏதோ புரியாத எழுத்திலான அட்டை ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துப் போனது நினைவுக்கு வந்தது. ஒடிசாக்காரன். ஐஸ் பேக்டரியின் பின்புறத்து அறையில் குடியிருக்கிறான். கூட ஒரு பெண்ணும் இருக்கிறாள். அந்த அறை எங்கள் நாற்பத்து மூன்றில் இல்லை. நாற்பத்து நான்கு என்று எண்ண எவருக்கும் தோன்றியதில்லை.

முதல் லாரி திரும்பித் தெருவுக்கு ஓடியது. அந்தப் பெண் நிறைமாத வயிற்றோடு, வீங்கிய பாதங்களோடு, கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளும் மூன்று வாரங்களாக எங்களோடு சலேத்தின் நடையையே நடந்திருக்கிறாள். அது வயிற்றுச் சுமையென்று நினைத்திருக்கிறாள். சலேத் இரும்புக் காலை ஊன்றி அவள் முன்னே போய், லாரியைக் காட்டி, வா என்று கையசைத்தாள்.

"ஆஸ்பத்திரி?" என்று அவள் கேட்டாள்.

"இல்லம்மா. எங்க கூட."

புரிந்ததோ இல்லையோ, அவள் ஈரத் துணியை வாளியில் போட்டு, கதவைச் சாத்தி, சலேத்தின் தோளைப் பிடித்துக்கொண்டாள். சலேத் தன் முன்னிருக்கையை அவளுக்குக் கொடுத்தாள். தன்னைப் பின்பக்கம் தூக்கிவிடச் சொன்னாள். மரியானும் லூர்துசாமியும் தூக்கிவிட்டார்கள். சாலையோரப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்து அந்தப் பெண் சன்னலுக்கு வெளியே கத்திக் கூப்பிட்டாள். அவன் வாரியைப் போட்டுவிட்டு வரப்பில் தடுமாறி வந்து ஏறினான். ஏன், எங்கே என்று கேட்கவில்லை. மனைவி லாரியில் இருந்தாள், அது போதுமாயிருந்தது.

பத்து இருபத்தொன்பது. மைதானத்தில் அக்சிலியாவோடு இருந்த பயிற்சியாளரின் கைப்பேசி அழைப்பு துண்டிக்கப்படாமல் இருந்தது. மூன்று லாரிகளும் வெண்ணிறப் பாத்திகளுக்கு நடுவே வேகமெடுத்தன. காற்று சேலைகளைப் பறித்தது. குழந்தைகள் மூச்சு முட்டச் சிரித்தன. தொம்மை கட்டுப்போட்ட காலால் வேகத்தை மிதித்தபடி, பக்கத்திலிருந்த நிறைமாதப் பெண்ணை நொடிக்கொரு முறை பார்த்து, பள்ளங்களை ஒவ்வொன்றாக ஒதுக்கி ஓட்டினார். கைப்பேசியில் வெடிச்சத்தம் கேட்டது. மூன்று லாரிகளிலும் நூற்று அறுபத்து மூன்று பேர் பக்கத்திலிருந்தவர் கையைப் பற்றிக்கொண்டார்கள். காற்றும் எஞ்சினும் மட்டும் இரைந்தன. எங்கோ தொலைவில் செம்மண்ணில் ஒரு பெண்ணின் பாதங்கள் எங்கள் எல்லோருடைய பாதங்களுமாகி ஓடிக்கொண்டிருந்தன. ஐம்பத்தெட்டு நொடி.

"ரெண்டாவது!" என்று பயிற்சியாளர் கத்தினார். "எடுத்தாச்சு! செலெக்ட் ஆயிட்டா!"

லாரிகளில் எழுந்த சத்தத்தில் பூநாரைகள் ஒரே வீச்சில் பாத்திகளை விட்டெழுந்தன. தொம்மைக்கு அழுகை வந்தது. வண்டி ஓட்டுகையில் கண்ணைத் துடைக்கக் கூடாதென்று பக்கத்திலிருந்த பெண் தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

சலேத் லாரியின் முன்தடுப்பைப் பிடித்து எழுந்து, டிரைவர் அறையின் பின்சன்னலைத் தட்டினாள். "ஏம்மா, உன் பேரு என்னம்மா?"

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "பசந்தி."

"நான் சலேத்து."

"சலேத்து" என்றாள் பசந்தி, மெதுவாக, சரியாக.

"என் பேரு ஸ்தெல்லா!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "மரியான்!" "லூர்துசாமி, இந்த ஆளோட மச்சான்!" என்று பெயர்கள் ஒவ்வொன்றாகக் காற்றை மீறி முன்னே வந்தன, பசந்தி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள், நூற்று அறுபத்து மூன்று பெயர்களுக்கு இடம் வேண்டியிருந்ததால், நேர்ச்சாலை முடிந்த இடத்தில் தொம்மை வண்டியை நிறுத்தாமல், கடலைப் பார்க்கத் திரும்பினார்.